டால்பினைக் கூப்பிடக் கூடாதாமே!

இன்று டெல்லி கோல் மார்க்கெட்டில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போயிருந்தேன்.

என் பேத்தி யாழினி வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். பரிசாகக் கோவாவுக்கு அழைத்துப் போய், படகில் டால்பின் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவளும் ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் இங்கேயே பிறந்த தமிழர்.

"ஆன்ட்டி, காலையில ஜல்தி கிளம்பணும். டால்பின் வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. "சோத்து உருண்டை போட்டுக் கூப்பிட்டா வராதா தம்பி?"

"அரே, எதுவும் போடக் கூடாது! கூப்பிடவும் கூடாது. போட்டை நிறுத்திட்டுச் சும்மா உக்காந்திருக்கணும்."

ஒன்றும் புரியவில்லை. தினமும் பால்கனியில் சோறு வைத்து "கா, கா" என்று நான் கூப்பிட்ட பிறகுதான் காக்காயே வருகிறது. அது வாய் வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் இலை போடுவோம். கூப்பிடாமல் யார் வருவார்கள்?

குழந்தை ஏமாந்துவிடுவாளே என்று பயந்துகொண்டே வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. "பாட்டி, அது ஜூ இல்லையே! அதுக்கு நம்மளப் பாக்கணும்னு தோணினா வரும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இப்போது குழப்பம் எனக்குத்தான். நாங்கள் அதைப் பார்க்கப் போகிறோமா, அது எங்களைப் பார்க்க வருகிறதா?

அதுதான் எங்களைப் பார்க்க வருகிறது என்றால், எந்தப் புடவை கட்டிக்கொள்வது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.