மண்ணெண்ணெயில் ஓடிய கார்

பெற்றோல் ஆனை விலை குதிரை விலை விற்ற எழுபதுகளில் அண்ணை தன் வாடகைக் காரை மண்ணெண்ணெயில் ஓடப் பண்ணினார். பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய், முன்பக்கம் பூட்டிய சின்னத் தாங்கியில் பெற்றோல், சாரதியின் காலடியில் ஒரு திருகி. பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் திருகியை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பே மறுபடி பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். மறந்தால் பிறகு இலேசில் கிளம்பாது.

எனக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக் கூடாது. அதில் ஏறி இறங்கினால் கூறைச் சேலையும் குப்பி விளக்காக மணக்கும்.

"விளக்கெரிக்கிற எண்ணெயிலை கார் ஓட்டுற ஆளை இப்பதான் காணுறன்" என்று சீண்டுவேன்.

"அப்ப நடந்து போ பிள்ளை" என்பார். எங்கள் கொக்குவில் வீட்டில் இருந்து எங்கே நடப்பது? முணுமுணுத்துக்கொண்டே ஏறுவேன்.

அம்மா செத்த பிறகு ஐயாவுக்கு வீடு பிடிக்கவில்லை. தொண்டைமானாற்றில் சந்நிதி கோயிலடி மடமொன்றில் போய்த் தங்கிவிட்டார். ஒரு நாள் காலை அங்கிருந்து ஆள் வந்தது.

"ஐயாவுக்குக் கடுமை. பால் பருக்கிறதெண்டால் உடனை வாங்கோ."

உயிர் பிரியும்போது பிள்ளைகள் கையால் ஒரு வாய் பால் இறங்க வேண்டும். ஐயாவுக்கு இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணை சேட்டுப் பொத்தானைக்கூடப் பூட்டாமல் காரை எடுத்தார், நானும் ஏறினேன்.

அச்சுவேலிக்குக் கிட்ட, எதிரே பறைமேளத்தோடு ஒரு பிரேதம் வந்தது. யாருடையதோ தெரியாது. பிரேதம் எதிர்ப்பட்டால் சைக்கிளில் வருபவன் இறங்குவான், கார்க்காரன் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவான். அண்ணையும் நிறுத்தினார். எத்தனை வருடப் பழக்கம்! கை தன்பாட்டில் சாவியைத் திருப்பிவிட்டது. காலடியில் இருந்த திருகி நினைவுக்கு வரவில்லை.

நீண்ட ஊர்வலம். அது கடந்து போனதும் சாவியைத் திருப்பினார். கார் இருமியது, கிளம்பவில்லை. மறுபடியும் மறுபடியும் அதே இருமல். எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"செத்த ஆளுக்கு மரியாதை குடுக்கப் போய், சாகக் கிடக்கிற ஐயாவை விட்டிட்டியளே!"

அண்ணை இறங்கி முன் மூடியைத் தூக்கி, பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். திருகியைப் பெற்றோலுக்கு மாற்றி, எஞ்சினில் தேங்கிய மண்ணெண்ணெயை உள்ளங்கையில் ஏந்தி ஏந்தி வெளியே ஊற்றினார். அது முழங்கை வரை வழிந்தது. சுடு எஞ்சினில் விரல்கள் பட்டுப் பட்டுச் சிவந்தன. அந்த நேரம் பார்த்து வேறொரு வாகனமும் அந்தப் பக்கம் வரவில்லை. நான் சந்நிதி முருகனைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

ஒருபடியாகக் கார் கிளம்பியது. மடத்துக்குள் ஓடினோம். ஐயாவுக்கு மூச்சு இருந்தது. மேல்மூச்சுத்தான், ஆனால் இருந்தது. மடத்தில் சமைக்கிற அம்மா பால் கிண்ணத்தை நீட்டினார்.

"மூத்தவர் முதல் பருக்கட்டும்."

அண்ணை கையை நீட்டினார். பிறகு அதை முகர்ந்து பார்த்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இந்தக் கையாலையோ? கழுவிப்போட்டு வாறன்."

"மணந்தால் மணக்கட்டும் அண்ணை, பருக்குங்கோ!"

அவர் கேட்கவில்லை. கிணற்றடிக்கு ஓடினார். வாளி விழும் சத்தம் கேட்டது. இன்னொரு வாளி. அதற்குப் பிறகும் ஒரு வாளி. ஐயாவின் வாய் மெல்லத் திறந்தது.

"பிந்தாதை பிள்ளை, நீ பருக்கு" என்றார் அந்த அம்மா.

முதல் கரண்டி இறங்கியது. அடுத்தது கடைவாயால் வழிந்தது. துடைக்கப் போனபோது மூச்சு நின்றிருந்தது.

அண்ணை வந்தார். சாம்பல் போட்டுத் தேய்த்த கைகளில் தோல் உரிந்திருந்தது. ஐயாவின் முகத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். பிறகு விரல்களை மூக்கருகே கொண்டு போனார்.

"மணம் இன்னும் போகேல்லை, பிள்ளை."

அதுவரை அழாமல் இருந்த நான், அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.