முருகன் வாங்கிக் கொடுத்த செவ்வாய்க்கிழமை லீவு

திருப்போரூர் முருகனை நம்பி இருக்கும் எல்லாருக்கும் கோமதி டீச்சரின் வணக்கம். ஒரே ஒரு நாள் லீவுக்காக நான் அழுத அழுகையையும், அதற்கு முருகன் செய்த உதவியையும் உங்களிடம் சொல்லப் போகிறேன். லீவுக்கா இவ்வளவு அமர்க்களம் என்று சிரிக்காதீர்கள். தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

2006-ஆம் வருஷம், மழைக்காலம். அப்போது நான் திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, கல்பாக்கம் பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்குக் கணக்கு டீச்சராகப் போய்க்கொண்டிருந்தேன். பதினொரு வருஷமாக அதே பள்ளி, அதே பஸ். பி.எட். முடித்த கையோடு 1992-லேயே எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து வைத்திருந்தேன். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மறக்காமல் போய்ப் புதுப்பித்தும் வந்தேன். அந்த அட்டை மடித்து மடித்துக் கிழிந்ததுதான் மிச்சம், அழைப்பு வரவே இல்லை. எனக்கு முப்பத்தேழு வயதாகிவிட்டது. "கவர்மென்ட் வேலை உனக்கு இல்ல கோமதி, உன் பேத்திக்கு வரும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கடிதம் வந்திருக்கிறது! அரசு ஆசிரியர் வேலைக்கு, வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காஞ்சிபுரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், வராவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது. நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். ஆனால் கடிதத்தை இரண்டாம் தடவை படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அசல் சான்றிதழ்கள் என்னிடம் இல்லை. வேலைக்குச் சேரும்போதே எங்கள் ஒரிஜினல்களை எல்லாம் பள்ளியில் வாங்கி, தாளாளர் அறையிலிருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வருஷ நடுவில் யாரும் வேலையை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக. எங்கள் தாளாளரை எல்லாரும் மேடம் என்போம். பள்ளியைத் தனியாளாக நடத்தியவர், பேச்சில் மிகக் கறார். இதற்கு முன்பு, சயின்ஸ் எடுத்த ஒரு டீச்சருக்கும் இதேபோல் அழைப்பு வந்தது. "பேப்பர்லாம் வேற இடத்துல இருக்கு, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று மேடம் சொன்னார். அடுத்த வாரம் வந்தபோது அந்த வாய்ப்பு போயே போய்விட்டது. அந்த டீச்சர் ஸ்டாஃப் ரூமில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த கோலம் என் கண்முன் வந்து நின்றது. பதினான்கு வருஷம் காத்திருந்தேன். இது போனால் எனக்கு இன்னொரு அழைப்பு வராது.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. மேடம் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். தமிழ் எடுக்கும் லதாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உண்மைய மட்டும் சொல்லிடாத. திங்கக்கெழம, செவ்வாக்கெழம ரெண்டு நாளும் வராத. சிக்குன்குனியான்னு லெட்டர் எழுதிக் குடு, நான் குடுத்துடறேன். உங்க வீட்டுக்காரர அனுப்பி, பொண்ணுக்கு ஜாதி சர்டிபிகேட் எடுக்கணும், அம்மாவோட ஒரிஜினல் ஒரு நாளைக்கு வேணும்னு கேக்கச் சொல்லு."

அந்த வருஷம் ஊரெல்லாம் சிக்குன்குனியா. தெருவுக்குப் பத்துப் பேர் நொண்டிக்கொண்டு திரிந்தார்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எனக்கும் பொய் ஒன்றும் புதிது இல்லை. "சொந்த வேலை" என்று எழுதினால் எங்கள் பள்ளியில் லீவு கிடைக்காது, நோயோ சாவோதான் எழுத வேண்டும். போன வருஷம் என் தம்பி வீட்டு விசேஷத்துக்காக என் பெரியப்பாவையே சாகடித்தவள் நான். அவர் படாளத்தில் கரும்பு வெட்டுக்கு ஆள் பிடித்துக்கொண்டு கல்லுப் போல இருந்தார்.

புதன்கிழமை பள்ளிக்குத் திரும்பும்போது நொண்ட வேண்டுமே என்று அன்று சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினேன். என் வீட்டுக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எந்தக் கால்னு மொதல்ல முடிவு பண்ணும்மா. போறப்ப இடதுல நொண்டற, வர்றப்ப வலதுல நொண்டிகினு கீற."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, மாமல்லபுரம் போய் பஸ் மாறித் திருப்போரூர் போனேன். நல்ல கூட்டம். நெருக்கித் தள்ளிக்கொண்டு சந்நிதிக்கு முன்னால் போய் நின்றபோது உச்சி வேளை. தீபாராதனை காட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, இந்தப் பொய் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்" என்று வேண்டினேன்.

வேண்டியதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சாமி கும்பிட வந்த இடத்தில் சாமியையே பொய்க்குக் கூட்டுச் சேர்க்கிறேனே! மனசுக்குள் யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. பொலபொலவென்று கண்ணீர். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி எனக்கு ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். "முருகா, நான் உள்ளதைச் சொல்லித்தான் லீவு கேட்கப் போகிறேன். கொடுப்பதும் மறுப்பதும் உன் இஷ்டம். எனக்குப் பயமாக இருக்கிறது, நீ கூட இரு" என்று மாற்றி வேண்டினேன். வெளியே வந்து குளக்கரைப் படியில் உட்கார்ந்து, பையிலிருந்த நோட்டில் தாள் கிழித்து லீவு லெட்டர் எழுதினேன். "ஆசிரியர் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காஞ்சிபுரம் செல்ல வேண்டியிருப்பதால் ஒரு நாள் விடுப்பும், என் அசல் சான்றிதழ்களும் தந்து உதவும்படி வேண்டுகிறேன்." பதினொரு வருஷத்தில் நான் எழுதிய முதல் உண்மையான லீவு லெட்டர் அதுதான்.

திங்கட்கிழமை பள்ளியில் என்னைப் பார்த்ததும் லதா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா கோமதி, பைத்தியமா உனக்கு? எதுக்கு வந்த?" நான் நேரே மேடம் அறைக்குப் போய் லெட்டரை நீட்டினேன். மேடம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பரீட்சை வரப்போவுது. இப்ப போய் கேக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? லீவு கிடையாது. ஒரிஜினல்லாம் ஏப்ரல்லதான்."

"மேடம், பதினாலு வருஷமா..."

"கிளாசுக்குப் போங்க கோமதி."

லெட்டரை மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைத்திருந்த கண்ணாடிக் குண்டுக்கு அடியில் செருகிவிட்டு அவர் வேறு வேலை பார்க்க ஆரம்பித்தார். எப்படி வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு சாதாரணக் கூட்டலைத் தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் "மிஸ், தப்பு மிஸ்" என்று கத்தினார்கள். உண்மையைச் சொன்னதற்கு இதுதானா கூலி என்று முருகன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். லதா சொன்னபடி செய்திருந்தால் இந்நேரம் பேப்பர் கையில் இருந்திருக்குமே என்று நினைத்து நொந்துகொண்டேன்.

பதினொன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது!

பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டு மாதக்கணக்காகியிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அன்றைக்கு வந்துவிட்டார் கல்வித் துறை அதிகாரி. பள்ளியே அலறியது. ஆயாம்மா வராந்தாவில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தள்ளினாள். அதிகாரி வகுப்புகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேடம் அறையில் போய் உட்கார்ந்து, "டீச்சர்ஸ் எல்லாரையும் வரச் சொல்லுங்க, படிப்புச் சான்றிதழ் பாக்கணும்" என்று சொன்னார். நாங்கள் பதினான்கு பேரும் சுவரோரம் வரிசையாக நின்றோம். மேடம் பீரோவைத் திறந்தார். எங்கள் ஃபைல்கள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. என் நீல ஃபைலைப் பார்த்தேன். எட்டு அடி தூரத்தில் இருந்தது.

ஃபைல்களுக்கு இடம் பண்ண அதிகாரி கண்ணாடிக் குண்டை எடுத்து ஓரமாக வைத்தார். அடியிலிருந்த தாள் அவர் கைக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதுல கோமதி யாரும்மா?"

"நான்தான் சார்."

"நாளைக்குப் பத்து மணிக்குக் காஞ்சிபுரம்னு எழுதியிருக்கீங்க. லீவு கிடைச்சிடுச்சா?"

நான் மேடத்தைப் பார்த்தேன். லதா என் புடவை முந்தானையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேடம் முகம் ஒரு நொடி சிவந்தது, அடுத்த நொடி சிரித்தது.

"ஆமா சார். நல்ல விஷயம், போயிட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன்."

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மேடம்."

போட்டார்! என் கண் எதிரில் போட்டார்! அதிகாரி என் ஃபைலைப் புரட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அவர் கையாலேயே என்னிடம் நீட்டினார். அதோடு விடவில்லை. "ஸ்கூலுக்கு ஜெராக்ஸ் போதும் மேடம். ஒரிஜினல் அவங்கவங்க வீட்லயே இருக்கட்டும்" என்றார். பதினான்கு பேர் ஃபைலும் பதினான்கு பேர் கைக்கு வந்தது. வராந்தாவுக்கு வந்ததும் லதா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "சிக்குன்குனியான்னு எழுதியிருந்தா அத்தத்தானடி படிச்சிருப்பாரு" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். அவள் சொன்னபடி கேட்டிருந்தால் அன்று நான் பள்ளியிலேயே இருந்திருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் வந்து கேட்டிருந்தாலும், ஏப்ரலில்தான் என்ற அதே பதில்தான் கிடைத்திருக்கும். எத்தனையோ நாள் இருக்க, அந்த ஜீப் ஏன் அந்தத் திங்கட்கிழமை வர வேண்டும்? அந்தத் தாள் ஏன் அவர் கையில் அகப்பட வேண்டும்? எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து காஞ்சிபுரம். எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். சரிபார்ப்பு பத்தே நிமிஷத்தில் முடிந்தது. தை மாதம் ஆர்டர் வந்தது. கடப்பாக்கம் பக்கத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆர்டரை என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்தார். பாதியில் தாளை என் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மீதியை அவள் படித்தாள். அடுத்த பங்குனியில் லதாவுக்கும் அழைப்பு வந்தது. அவள் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை, ஒரிஜினல் அவள் வீட்டிலேயே இருந்தது. எனக்காக மட்டும்தான் வேண்டினேன். அவன் எல்லாருக்கும் பீரோவைத் திறந்துவிட்டான்.

மேடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருஷ நடுவில் டீச்சர் போய்விட்டால் அவரும்தான் என்ன செய்வார்? கடைசி நாள் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துதான் அனுப்பினார். பெரியப்பாவிடமும் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. "நான் செத்ததுக்கு ஒரு நாள்தான் லீவு குடுத்தாங்களா?" என்றார்.

பொய்யை அன்றைக்கு விட்டதுதான். அதற்குப் பிறகு எந்த லீவுக்கும் நான் காய்ச்சலை வரவழைத்தது இல்லை, யாரையும் சாகடித்ததும் இல்லை. கஷ்டத்தில் இருப்பவர்களே, நீங்களும் அவனிடம் போய் நில்லுங்கள். வழியை நீங்கள் போட்டுக்கொண்டு போய், அதற்கு அவனைக் கையெழுத்துக் கேட்காதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள், பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றும் சொல்லுங்கள். அவன் பார்த்துக்கொள்வான்.

புதுப் பள்ளியில் சேர்ந்து நான் எடுத்த முதல் லீவு, திருப்போரூர் போவதற்காக. லெட்டரில் காரணம் என்ற இடத்தில் "முருகனுக்கு நன்றி சொல்ல" என்று எழுதி ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், லெட்டரை ஒரு தடவை பார்த்தார். மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"எனக்கும் சேத்து வேண்டிக்கினு வாம்மா" என்றார்.