ஒரே நாளில் இரண்டு பட்டமளிப்பு

சென்ற ஆண்டு என் மனைவியும் மகளும் பட்டம் பெற்றார்கள். மகளுக்குத் திருப்பதியில் விழா. அஞ்சல் வழியில் பி.ஏ. படித்த மனைவிக்குச் சென்னையில். இரண்டும் ஒரே நாள் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

"பாப்பாவோடதுக்கே போலாங்க. என்னுது வீட்டுக்கே வந்துடும்" என்று மனைவி பேச்சை முடித்துவிட்டாள்.

அன்று காலை திருத்தணி பேருந்து நிலையத்தில் திருப்பதி வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். பக்கத்தில் சென்னை வண்டி புறப்படத் தயாராக நின்றது. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவனிப்பதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகளுக்குப் போன் செய்து, அம்மாவின் விழாவுக்குப் போகட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நீங்க வருவீங்கன்னுதான் பார்த்துகினு இருந்தேன் நைனா" என்றாள். "பரவால்ல. அம்மாவ இட்டுகினு போங்க."

மனைவியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

சென்னையில் அவள் மேடையேறியபோது கை வலிக்கத் தட்டினேன். மகளும் இந்நேரம் தனியாக மேடையேறியிருப்பாள் என்ற நினைப்பு கூடவே குத்தியது.

அன்று நான் செய்தது சரிதான். ஆனாலும் மகளின் பட்டமளிப்புப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதை எடுத்தது யாரென்று அவளிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.