ஏழு மணிக்கு அறுகிற லைன்

தூத்துக்குடியில் எது கெட்டுப்போனாலும் காரணம் ஒன்றுதான்: உப்புக்காற்று. ஸ்கூட்டர் கிளம்பவில்லையா, உப்புக்காற்று. கிரைண்டர் ஓடவில்லையா, உப்புக்காற்று. எதிர்வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு ஆறுமுகநேரிக்குப் போனதற்கும் அதையே சொல்லியிருப்பார்கள். அங்கே உப்பு இதைவிட அதிகம் என்பதால் விட்டுவிட்டார்கள்.

ஆகவே, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இன்டர்நெட் அறுந்தபோது, யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உப்புக்காற்று கடிகாரம் பார்த்தா அடிக்கும் என்று நான் கேட்டேன். மருமகள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

டெலிபோன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட் வீட்டுக்குள் வந்த காலம் அது. கல்யாணமாகி நாசரேத், சாத்தான்குளம் என்று சாயங்காலமெல்லாம் விருந்துக்கு அலைந்து முடித்ததும், என் வீட்டுக்காரர் மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கீழே ஹாலில் இருந்த போனிலிருந்து ஒரு வயரை மேலே இழுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். மேற்கு நாடுகளின் கரையோரம் ஓடுகிற கப்பல் அது. எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் கரையிறங்கி ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். அவருக்கு அது மத்தியானம், எனக்கு ஏழு மணி. அது கீழே குடும்ப ஜெபம் நடக்கிற நேரம். கப்பலில் இருக்கிறவனோடு பேசத்தானே என்று எனக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தார்கள்.

மோடம் கீச்கீச்சென்று கத்தி, இரைந்து, ஒருவழியாக லைன் கிடைக்கும். 'சாப்டியா?' என்று அவர் கேட்பார். 'சாப்ட்டேன்' என்று அடிப்பதற்குள் அறுந்துவிடும். மறுபடி போட்டால் டயல் டோனே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். முக்கால் மணி நேரம் கழித்து எல்லாம் தானாகச் சரியாகும். அதற்குள் அவர் கப்பலுக்குத் திரும்பியிருப்பார்.

ரிப்பேர்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து டிரைவர் போயிற்று என்றார். அப்புறம் ஃபார்மேட் அடித்தார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்காக அடித்துவைத்திருந்த கேள்வித்தாள்கள் எல்லாம் போயின. லைன் மட்டும் வழக்கம்போல ஏழு மணிக்குப் போயிற்று. அடுத்து டெலிபோன் லைன்மேன் ஒரு பட்டப்பகலில் வந்தார். பகலில் லைன் பத்தரைமாற்றுத் தங்கம். இருந்தாலும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தெருமுனைப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"பாருங்க சார், ஜாயிண்ட் பூரா பச்சை பூத்துக் கெடக்கு. உப்புக்காத்துல்லா!"

மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தன் விடைக்கு முழு மதிப்பெண் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "நான் அன்னைக்கே சொன்னேன்லா, யாரு கேக்கா?" என்று என்னைப் பார்த்தார்.

மாமியார் தன் பங்குக்கு மோடத்துக்குப் பூப்போட்ட உறை ஒன்று தைத்தார். "ஏளா, மூடியே வையி. காத்துப் பட்டா போயிரும்." உறைக்குள் வெந்து மோடம் பகலிலும் மக்கர் பண்ணத் தொடங்கியது.

சிரிக்கிறேனே தவிர, அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. என் வீட்டுக்காரருடைய கப்பல் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவதாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பார். நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை லைன் கிடைத்ததும் அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. 'கம்பெனி இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்லுது. கப்பல் இப்பவே கிளம்புது. கையெழுத்துப் போடவா வேண்டாமா? நீ சொல்றதுதான்.'

'வேண்டாம், வந்துருங்க' என்று அடித்துத் தட்டினேன். அது போகவில்லை. லைன் அறுந்திருந்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. உப்புக்காற்றை நேரில் பார்த்துவிடுவது என்று படியிறங்கினேன்.

ஹாலில் இரண்டு பேரும் கண்ணை மூடி முழங்காலில் இருந்தார்கள். மாமா நாற்காலியில் ஒரு குஷனை வைத்து, அதன்மேல் முழங்கைகளை ஊன்றியிருந்தார். பக்கத்து ஸ்டூலில் போன் இருந்தது. அதிலிருந்து புறப்பட்ட சுருட்டை வயர் நேரே அந்தக் குஷனுக்கு அடியில் போய் நுழைந்தது. ஜெபத்தின் நடுவே மணி அடிக்கக்கூடாதாம். அதற்காக ரிசீவரை எடுத்து, அது கூவாமல் இருக்கக் குஷனையும் போட்டு அமுக்கியிருந்தார். ஒரே லைன்தானே, கீழே ரிசீவரை எடுத்தால் மேலே இன்டர்நெட் அறுந்துவிடும்.

மாமா உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்: "கம்ப்யூட்டர் லைனில் உண்டான தடைகளை நீக்கிப்போடும் கர்த்தாவே. கடல்மேல் இருக்கிற எங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் நடுவே உள்ள தொடர்பு அறுந்துபோகாதபடி காத்தருளும்."

ஜெபத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது. ஆனால் மனிதரிடம் சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்லிக்கொள்ளலாம். மாமாவே அதில் கெட்டிக்காரர். 'அடுக்களையில் கவனத்தைத் தாரும்' என்று அவர் குரல் மாடிவரை கேட்டால் அன்று குழம்பில் புளி தூக்கல் என்று அர்த்தம். நானும் முழங்காலிட்டேன். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் சத்தமாக ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, என் புருஷன் இந்த நிமிஷம் என் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வரவேண்டும். மாமாவின் முழங்கைக்குக் கீழே குஷன் இருக்கிறது. குஷனுக்குக் கீழே ரிசீவர் இருக்கிறது. அதை இருக்கவேண்டிய இடத்தில் வைக்கும்படி அவருக்கு நல்ல மனதைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே."

இயேசுவின் நாமத்தில் கேட்டுவிட்டால் ஆமென் சொல்லாமல் இருக்க முடியாது. மாமியார் உடனே சொல்லிவிட்டார். மாமா ஒரு கண்ணைத் திறந்து குஷனைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அவரும் ஆமென் என்றார். ரிசீவரை எடுத்துப் போன்மேல் வைத்தார்.

மாடிக்கு ஓடினேன். மோடம் அத்தனை கத்தும் கத்தி முடித்து லைன் கொடுத்தது. அவர் இல்லை. அவர் போட்டுவிட்டுப் போன வரிகள் மட்டும் இருந்தன. 'ஏன் பேச மாட்டேங்குற?' 'கோவமா?' 'சரி, உனக்குச் சம்மதம்னு எடுத்துக்கிடுதேன். கையெழுத்துப் போடப் போறேன்.'

மறுநாளிலிருந்து மாமா ஜெபத்தில் ரிசீவரைத் தொடுவதில்லை. அந்த ஆறு மாதமும் எங்கள் லைன் ஒருநாள்கூட அறுந்ததில்லை.