தும்பா நிதான

1. இமாச்சலத்தில் ஒரு பனிமலை ஏறுவதற்காக எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்தோம். உச்சிக்கு நான்கு பேர்தான் போக முடியும். ஒருவர் அடிவார முகாமில் தங்கி அடுப்பையும் வயர்லெஸ்ஸையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.
2. அந்த ஒருவர் யார் என்று பார்க்க, மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குப் பக்கத்தில் சாவனதுர்காவில் பயிற்சி ஏற்றம் வைத்தார்கள்.
3. பாதி மலையில் எங்கள் குழுத் தலைவர் என்னைப் பற்றிக் கன்னடத்தில் ஒரு வார்த்தை சொன்னார்.
4. நான் அவருக்கு நன்றி சொன்னேன்.
5. என் தோழி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஐந்தாவதை மற்ற நான்கோடு ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவளை இந்தக் குழுவில் சேர்த்ததே நான்தான். கரூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்தவள் நான். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. மலைக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து பையில் எடையைப் போட்டுக்கொண்டு அலுவலகப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். லிஃப்டில் போகிறவர்கள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். அவளோ இங்கேயே, பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். சர்ச் மைதானத்தில் த்ரோபால் ஆடுவாள், அதைத் தவிர ஒரு பயிற்சியும் கிடையாது. ஒருநாள் கம்பெனி வண்டியில் போகும்போது நான் மலையைப் பற்றிச் சொன்னதும், “நானும் வரட்டா பா? சும்மாதான்” என்றாள். அந்தச் ‘சும்மா’ அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை.

சாவனதுர்கா முழுக்க வழவழவென்ற ஒற்றைப் பாறை. சுமை பழக வேண்டும் என்பதால் ஆளுக்கொரு பை நிறையத் தண்ணீர் பாட்டில்களைச் சுமந்தோம். உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்குவது வழக்கம். இறங்கும்போது முழங்காலுக்கு எடை ஆகாது. அவள் அந்தப் பையோடு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கடை பார்ப்பவள்போல ஏறினாள். தலைவரோடு கன்னடத்தில் ஓயாத பேச்சு வேறு. என்னோடு தமிழில் பேசும்போது வராத ஒரு சிரிப்பு அவளுக்குக் கன்னடத்தில் வரும். பின்னாலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே ஏறினேன்.

பாதியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தார்கள். நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். மூச்சு வாங்கவில்லை, கால் ஒருமுறைகூட வழுக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டு ஆண்களிடம், “இவரு தும்பா நிதான” என்றார்.

தும்பா என்றால் ‘ரொம்ப’ என்று பெங்களூர் வந்த முதல் வாரமே தெரிந்துகொண்டேன். நிதானத்தை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிதானமான பெண் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பெயர் வாங்கியவள் நான். அவளைப் பற்றி அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

“தாங்க்ஸ்” என்றேன்.

அந்த இருவரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறியது. தலைவர் ஒரு கணம் விழித்துவிட்டு, “ஓகே, குட்” என்றார். அவள் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள்.

அதற்குப் பிறகு நான் இன்னும் நிதானமாக ஏறினேன். ஒவ்வொரு அடியையும் வைத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, அப்புறமே எடை கொடுத்தேன். முன்னால் விறுவிறுவென்று போகிறவளைப் பார்த்து, ‘போ, அவசரப்படு, அவர் பார்க்கிறார்’ என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அன்று முழுதும் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நேரம் மட்டும்தான்.

உச்சிக்குப் போனபோது நால்வரும் சாப்பிட்டு முடித்து, தண்ணீரையும் கொட்டியிருந்தார்கள். பாறை காய்ந்துகூட விட்டது.

“வந்துட்டியா? உனக்குச் சித்ரான்னம் எடுத்து வெச்சிருக்கேன் பா,” என்றாள்.

திரும்பும்போது வாடகை சுமோவில் நாங்கள் இருவரும் பின் இருக்கையில். மாகடி சாலையில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. தலைவர் டிரைவரிடம், “நிதானா ஹோகப்பா” என்றார். டிரைவர் கியரைக் குறைத்தார். வண்டி ஊர்ந்தது.

என் வேலையில் இருப்பவளுக்கு அதற்குமேல் சான்று வேண்டாம். ஆனாலும் கேட்டேன்.

“நிதானான்னா என்ன?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். “மெதுவான்னு.”

“அங்கேயே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீ சிரிச்சிக்கினே தாங்க்ஸ் சொல்ட்ட. அத்தினி பேர் முன்னால எப்டி பா சொல்றது?”

“அப்புறமா சொல்லியிருக்கலாம். ஏறும்போது.”

“ஏறும்போது நீ எங்க இருந்த, நான் எங்க இருந்தேன்?” என்றாள். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். என் கையைத் தொட்டாள். “இன்னா இப்போ? நான் கீழ இருக்கேன், நீ மேல போ. அவர்ட்ட நானே சொல்றேன். எனக்கு ஒண்ணும் இல்ல.”

எனக்கு ஒண்ணும் இல்ல. அவள் சொன்னது உண்மை. அவள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாள் என்று நம்ப அதுவரை தயாராக இருந்தேன். அப்படி இருந்தால் எனக்கு வசதியாகவும் இருந்திருக்கும். ஆனால் போட்டி போடுகிறவள் இப்படித் தூக்கிக் கொடுக்க மாட்டாள். நான் மாதக்கணக்காகப் படிக்கட்டில் வியர்த்துக் கேட்ட இடத்தை, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுப்பதுபோல அவளால் கொடுக்க முடிந்தது. அவள் வேகத்தைவிட, அவள் கன்னடத்தைவிட, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“வேண்டாம். அவர் முடிவு பண்ணட்டும்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் தலைவர் முடிவைச் சொன்னார்.

அவள் உச்சிக்குப் போய்வந்தாள். நான் அடிவார முகாமில் இருந்தேன்; உச்சியிலிருந்து வயர்லெஸ்ஸில் வந்த அவள் குரலைக் கேட்டு, குறித்துக்கொண்டு, வாழ்த்தும் சொன்னேன். அடுத்த மலைக்கு இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். இப்போது எனக்குக் கன்னடம் ஓரளவு வரும். வேகமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அவள்மேல் பொறாமை குறையவில்லை.