நூற்றுப் பன்னிரண்டில் தொடங்கிய பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தொரு வயது. வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிக் கட்டிடங்களின் உச்சியில், மோட்டார் அறையின் கிரீஸ் வாடையில் கழியும். ஏழாம் நாள் டிரம்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சே சீராக வரும். கல்லூரி நண்பர்கள் நால்வர் பின்னாளில் தொடங்கிய இசைக்குழு பதினாறு வருடமாக உடையாமல் இருந்தது. மேடையில் அவர்கள் எந்தப் பாட்டையும் இரண்டு முறை ஒரே மாதிரி வாசித்ததில்லை. கிடார்காரர் ஒரு பக்கம் இழுப்பார், மற்றவர்கள் பின்னாலேயே போவார்கள். ஐந்து நிமிடப் பாட்டு இருபத்தைந்து நிமிடம் ஓடும். ‘கடைசி மாடி’ என்ற பாட்டுக்காகவே ஊர் ஊராகத் துரத்தி வரும் கூட்டம் ஒன்று இருந்தது.

ஆல்பம் போடலாம் என்றது கிடார்காரர்தான். “நம்ம பாட்டெல்லாம் ஆளுங்க ஃபோன்லதான் இருக்கு. ஒண்ணாவது ஒழுங்கா இருக்கட்டும்டா.”

ஸ்டுடியோவில் ‘கடைசி மாடி’யை ஒலிப்பதிவு செய்த பெண் மெக்கானிக்கின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, வேகம் மாறாமலிருக்க நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு தட்டு என்று கிளிக் சத்தத்தை ஓடவிட்டாள். முதல் தடவை பாதியில் நிறுத்தினாள். இரண்டாவதும் அப்படியே.

“அண்ணா, ரெண்டாவது நிமிஷத்துலயே கிளிக்க விட்டுட்டு முன்னாடி போயிடறீங்க.”

“கிளிக் சரியா ஓடுதான்னு பாரும்மா.”

“கிளிக்குக்கு ஓடத் தெரியாதுண்ணா,” என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவருடைய ஒவ்வொரு அடியும் கிளிக்கின் கோட்டுக்கு முன்னாலேயே விழுந்திருந்தது. முந்தும் தூரம் போகப்போகக் கூடியது.

அவர் முகம் சுண்டிப்போனது. வேகம் கூடும்போதெல்லாம் பின்னாலிருந்து “மெதுவாப் போடா” என்று கிடார்காரரை அதட்டியது அவர்தான். பதினாறு வருடம் அதட்டியிருக்கிறார். ஒன்பது முறை வாசித்தும் சரிவராமல், கடைசியில் அந்தப் பெண்ணே துண்டு துண்டாக வெட்டி ஒட்டிச் சேர்த்தாள். பாட்டு நான்கு நிமிடம் நாற்பது நொடியில் முடிந்தது.

ஆல்பம் வெளியானதும் பாராட்டு குவிந்தது. அவருடைய மனைவி காய் நறுக்கிக்கொண்டே பாட்டைக் கேட்டாள். “சுத்தமா இருக்குங்க.”

“சுத்தம்னா?”

“சுத்தம்தான். ஆனா நீங்க வாசிச்ச மாதிரி இல்ல.”

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய கச்சேரிகளில் ரசிகர்கள் எடுத்த ‘கடைசி மாடி’ப் பதிவுகளைத் தேடிப் பதினொன்று சேர்த்தார். சாப்பாட்டு இடைவேளையில் மோட்டார் அறையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் எண்ணினார். எல்லாமே நூற்றுப் பன்னிரண்டில் தொடங்கின. ஒன்றுகூட நூற்று முப்பதுக்குக் கீழே முடியவில்லை.

அடுத்த கச்சேரிக்கு யாரிடமும் சொல்லாமல் ஒரு காதில் கிளிக்கை மாட்டிக்கொண்டு ஏறினார். பல்லைக் கடித்து அதோடு நின்றார். கிடார்காரர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். எங்கே தள்ளியும் பாட்டு நகரவில்லை. ஒன்பதாம் நிமிடத்தில் தானாகவே அடங்கியது. முன்வரிசையில் ஆட எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் கிடார்காரர் வந்தார். “உடம்பு சரியில்லையாடா?”

“இத்தனை வருஷமா ஓடினது நீ இல்லடா. நான்.”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“ரெண்டாவது கச்சேரிலேர்ந்து. நீ ஓடுவ, உன்னைப் பிடிக்க நாங்க ஓடுவோம். ஜனம் அதுக்குத்தான் வருது.”

“அப்புறம் ஏன்டா எங்கிட்ட திட்டு வாங்கிட்டே இருந்த?”

“சொல்லியிருந்தா அன்னிக்கே இப்படி வாசிச்சிருப்ப.”

மெக்கானிக்குக்கு நண்பனைக் கட்டிக்கொள்வதா, கழுத்தைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. குச்சிகளைப் பைக்குள் திணித்துவிட்டு நடந்தார்.

மறு மாதம் காதில் எதுவும் இல்லாமல் வாசித்தார். கை தன்பாட்டுக்கு முந்தியது; பேஸ் கிடார் வாசிக்கிறவர் சிரித்தபடி துரத்தினார்; மைதானம் முழுக்க எழுந்து ஆடியது. இருபத்தேழு நிமிடம். ஆனால் அவருக்குள் ஒருவன் உட்கார்ந்து, ஓடுகிறாயா, இப்போது ஓடுகிறாயா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். முன்பெல்லாம் அந்த ஆள் அங்கே இருந்ததில்லை.

“இன்னிக்குப் பழைய மாதிரி இருந்துச்சு,” என்றாள் மனைவி, வீட்டுக்குப் போகும் வழியில்.

“உனக்கா?”

“எல்லாருக்கும்தான். உங்களுக்கு இல்லையா?”

அவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டியபடியே வந்தார்.

மறுநாள் மதியம் யாரோ ஏற்றியிருந்த பதிவை எண்ணினார். நூற்று முப்பத்தாறு. இதுவரை போகாத வேகம். கிடார்காரரை அழைத்தார்.

“நேத்து எவ்வளவு போயிருக்கேன் தெரியுமா?”

“நம்பர் சொல்லாத. சொன்னா நானும் எண்ண ஆரம்பிச்சிடுவேன்,” என்று கிடார்காரர் வைத்துவிட்டார்.

மெக்கானிக் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, கடிகாரத்தைக் கழற்றிக் கருவிப்பெட்டியில் போட்டு மூடினார். விரல்கள் முழங்காலில் எண்ணிக்கொண்டே இருந்தன.