அங்குலத்தாரின் இடுப்புத் தையல்

ஊரார் உடம்பையெல்லாம் அளந்த மனிதருக்குத் தன் உடம்பு மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

அவரை எல்லாரும் அங்குலத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்களுக்கான தையல் கடை. கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. வாசலில் நுழையும் ஆளை ஒரு பார்வை பார்த்து, "போன தடவைக்கு இப்ப கொஞ்சம் பூசினாப்ல இருக்கீங்க சார்" என்பார். பிறகு நாடாவும் அதையேதான் சொல்லும்.

தன் விஷயத்தில் அவர் செய்த தவறு தையல்காரருக்கு மட்டுமே வாய்க்கக்கூடியது. மற்றவர்களுக்குக் கால்சட்டை இறுகும், பொத்தான் தெறிக்கும், எப்படியோ சேதி வந்து சேரும். இவருக்கு அது வரவேயில்லை. கால்சட்டையின் பின்பக்கத் தையலுக்குள் நல்ல தையல்காரர் கொஞ்சம் துணியை மிச்சம் வைப்பார், பின்னால் பிரித்துத் தளர்த்த வசதியாக. தன்னுடையது லேசாகப் பிடித்தாலே அங்குலத்தார் திரைக்குப் பின்னால் போய்ப் பிரித்து, தளர்த்தித் தைத்து மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். வயிறு வளர வளர உடையும் வளர்ந்தது, எப்போதும் கச்சிதம். சர்க்கரை நோய் இருப்பது தெரியும். மாத்திரை, ஞாபகம் வந்தால் உண்டு.

ஒரு நாள் மேல்தட்டிலிருந்து துணிச்சுருளை எடுத்துக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கும்போது இடறி, கையை ஊன்றினார். உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்கும் கை.

ரத்தம், வயிற்று ஸ்கேன், எலும்பு என்று எல்லாப் பரிசோதனையும் முடிந்து, கட்டுப் போட்ட கையோடு மருத்துவர் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி, பள்ளியில் கணக்கு டீச்சர்.

"ஈரல்ல நிறையக் கொழுப்பு படிஞ்சிருக்கு" என்றார் மருத்துவர்.

"நான் ஒரு சொட்டு குடிச்சதில்ல டாக்டர்!"

"உண்மைதான் டாக்டர்" என்றாள் மனைவி. "டீ மட்டும்தான். டீயில சர்க்கரை போடுறாரா, சர்க்கரையில டீ ஊத்துறாரான்னுதான் தெரியல."

மருத்துவர் சிரித்தார். "குடிக்காதவங்களுக்கும் வரும். சர்க்கரையும் தொப்பையும் இருந்தா ரொம்ப சகஜம்."

"எலும்பு அடர்த்தி சரியா இருக்குன்னு சொன்னீங்களே, அப்புறம் ஏன் ஒடிஞ்சுது?"

"ரொம்ப நாள் சர்க்கரை கட்டுல இல்லேன்னா எலும்போட வலு குறையும். அடர்த்தி அளவு அதைக் காட்டாது. ஈரல் கொழுப்புக்கும் அதுல பங்கு இருக்கான்னு இன்னும் ஆராய்ஞ்சிட்டிருக்காங்க."

அங்குலத்தார் தன் பருத்த கையைப் பார்த்தார். "துணி கனம்தான். இழை இத்துப்போச்சு" என்று முணுமுணுத்தார். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டார். "திரும்ப வெட்ட வருமா?"

"வரலாம். மாத்திரையை ஒழுங்காப் போடுங்க, நடங்க, எடையைக் குறைங்க. மெதுவாக் குறைங்க. பட்டினி கிடந்தா எலும்புக்குத்தான் கெடுதல்."

அந்த 'வரலாம்' அவரைத் தூங்கவிடவில்லை. கை சேரும்வரை கடையைப் பூட்டிப்போட்டுவிட்டு, தினமும் காலையில் மனைவியோடு நடந்தார். டீ கசந்தது, பழகிற்று. கை ஆற நாளாயிற்று. அதற்குள் இடுப்பு இளைத்து, ஒரு காலை தெருவின் நடுவில் கால்சட்டை நழுவியது.

"ஏங்க, பிடிங்க! மானம் இறங்குது!" என்று அவள் நின்ற இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார், இடது கையால் இடுப்பைப் பிடித்தபடி.

அன்று மாலை அவளே ஊசியை எடுத்தாள்.

"அங்க இல்ல டீச்சரம்மா, இன்னும் உள்ளே..."

"வகுப்புல பேசக் கூடாது. திரும்பி உட்காருங்க."

தைத்தது பாம்பு போல வளைந்து ஓடியது. இடுப்பில் நின்றது, அவ்வளவுதான். பக்கத்துச் சலவைக் கடைக்காரர் சும்மா விடுவாரா? "அங்குலத்தாரே, பின்னால தெரு ஒண்ணு போகுதே, யார் போட்டது?"

"கணக்கு டீச்சர்."

"கணக்கு டீச்சருக்கே நேர்கோடு போட வரலியே!"

கட்டுப் பிரித்தபின் ரப்பர் பந்தை அழுத்தி அழுத்திக் கைக்கு வலு வந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது, ஈரலும் தேறி வருகிறது என்றார் மருத்துவர். அங்குலத்தார் தலையாட்டிவிட்டு நேரே கடைக்குப் போனார். இருப்பதிலேயே தடித்த கோட்டுத் துணியை விரித்தார். கத்தரிக்கோல் ஒரு முனையில் நுழைந்து மறுமுனைவரை நிற்காமல் போயிற்று. வெளியே இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சலவைக் கடைக்காரர் கை தட்டினார்.

மறுநாள் மனைவி அந்தக் கால்சட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். "கைதான் வந்துடுச்சே, இதைப் பிரிச்சு ஒழுங்காத் தைங்க. எனக்கே பார்க்கச் சகிக்கல."

யாரோ எங்கோ கோணலாகத் தைத்ததைக்கூடக் கேட்காமலே பிரித்துத் திருத்துகிறவர் அவர். அதை உட்புறம் வெளியே வரத் திருப்பி, வளைந்த தையலை வெகுநேரம் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். தையலைத் தொடவில்லை. அதற்கு உள்ளே மிச்சமிருந்த துணியை, வளைவுக்கு வளைவு ஒட்டி, இனிமேல் தளர்த்தவே முடியாதபடி வெட்டி எறிந்தார். ஓரத்தில் இழை பிரியாமல் தையல் அடித்து, அதையே மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, என்னங்க இது?"

"நடக்க நேரமாச்சு, வா" என்றார்.